இலை வாராமல் இலை தைப்பது எப்படி?

அக்டோபர் பிறந்துவிட்டால் மாசசூசெட்ஸில் சனிக்கிழமைக் காலைகளில் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று, பக்கத்து வீட்டில் இலை ஊதும் மெஷின் போடும் இரைச்சல். இன்னொன்று, நம் வீட்டுக்குள்ளிருந்தே வரும் குரல்: “இன்னிக்காவது வாரிடலாமா?” முதல் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு உறுதியான ஏற்பாடு ஒன்று வேண்டும். இலையுதிர்காலக் குவில்ட் அப்படிப்பட்ட ஏற்பாடு. புல்தரையில் கிடக்கும் மேப்பிள் இலையை வாரிக் காகிதப் பையில் அமுக்குவது வேலை. அதே மேப்பிள் இலையைத் துணியில் வெட்டித் தைப்பது கலை. கலை செய்துகொண்டிருப்பவர் கையில் ரேக்கைக் கொடுத்து வெளியே அனுப்ப யாருக்கும் அவ்வளவு சுலபத்தில் மனசு வராது.

இந்த முறையைப் பின்பற்றி இலையுதிர்காலம் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே கழித்தவர்கள் உண்டு. குவில்ட்டை முடித்தவர்கள் உண்டா என்பது வேறு கேள்வி. அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

ஆரம்பிக்கும் முன் ஊரிலிருக்கும் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வீடியோ காலில் உங்கள் முதுகுக்குப் பின்னால் தெரியும் துணிக் குவியலைப் பார்த்து அவராகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். குவில்ட் மூன்றடுக்குப் போர்வை. மேலே சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்துத் தைக்கும் தையலுக்குத்தான் குவில்ட்டிங் என்று பெயர். இதை நீங்கள் எவ்வளவு அழகாக விளக்கினாலும் அம்மா கேட்பது இதுதான்:

“எங்க பாட்டி பழம்புடவைய நாலா மடிச்சு ஓட்டுத்தையல் போட்டு, பொறந்த குழந்தைக்கு விரிப்பாங்க. அதுக்குப் புடவை கிழியற வரைக்கும் காத்திருக்கணும். நீ என்னடி, புதுத்துணியக் காசு குடுத்து வாங்கி, வெட்டி, மறுபடி ஒண்ணாத் தைக்கிறே?”

இதற்குப் பதில் கிடையாது. அமெரிக்கக் குவில்ட்காரர்களிடமும் கிடையாது. கேள்வி வராதபடி பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நீங்களும் பேச்சை மாற்றிவிடுங்கள். ஆனால் “இலை தைக்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். பேச்சு நேரே பந்திக்குப் போய்விடும். புரச இலையையும் மந்தார இலையையும் ஈர்க்குச்சியால் தைத்துத் தைத்து அடுக்கிய வம்சம் அது. ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் ஒரு கட்டு இலை முடியும். பந்தி எழுந்ததும் தூக்கி எறிந்துவிடலாம். அளவெடுக்க வேண்டாம், மடித்து வைக்க இடம் தேட வேண்டாம். இலைத் தையலில் மனிதகுலம் கண்ட ஒழுங்கான முறை அது ஒன்றுதான். நாம் செய்யப்போவது அதற்கு நேர் எதிர்.

அடுத்து மாதிரி சேகரிப்பு. இந்தக் கட்டத்தில் மட்டும் நீங்கள் வெளியே போகலாம். ரேக் சாத்தியிருக்கும் பக்கம் திரும்பாமல் போங்கள். “மாதிரிக்கு” என்று சொல்லி நாலைந்து இலை எடுத்தால் போதும். சதுப்பு ஓரங்களில் நிற்கும் சிவப்பு மேப்பிள் செப்டம்பர் கடைசியிலேயே நிறம் மாற ஆரம்பிக்கும். பிறகு சர்க்கரை மேப்பிள், பர்ச். ஓக் எப்போதும் கடைசி. வெயில் காய்ந்த பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வாய்த்தால் அந்த வருஷம் சிவப்பு தூக்கலாக இருக்கும்.

மஞ்சள் நிறம் இலைக்குள் கோடையிலிருந்தே இருப்பதுதான்; பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியை, இலை விழப்போகிற நேரம் பார்த்துத்தான் மரம் புதிதாகத் தயாரிக்கிறது. உதிரப்போகிற இலைக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று தாவரவியலாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் வாங்கப்போகும் துணியைப் பற்றி வீட்டில் இதே கேள்வி வரும். அப்போது ஜன்னல் வழியாக மரத்தைக் காட்டுங்கள்.

பொறுக்கிய இலையை இரண்டு மெழுகுத்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு பழந்துணி போட்டு இஸ்திரி போட்டால் நிறம் சில வாரம் நிற்கும். அதை அட்டையில் வைத்து வரைந்து அச்சு எடுத்துக்கொள்ளலாம். பழந்துணியை மறந்தால் மெழுகு இஸ்திரிப் பெட்டியில் ஒட்டும். மறுநாள் காலை அது யாருடைய ஆபீஸ் சட்டைக்கு இடம் மாறும் என்று சொல்ல வேண்டியதில்லை. இலையைத் துணிமேல் வைத்துச் சுத்தியலால் தட்டி அச்செடுக்கும் முறையும் உண்டு. பச்சை இலையில் சாறு இருக்கும், அச்சு விழும். காய்ந்த இலையில் சத்தம் மட்டும்தான். நார்வே மேப்பிள் இலைகளில் தார் தெளித்தாற்போல் கரும்புள்ளிகள் இருக்கும். ஒரு பூஞ்சையின் வேலை, மரத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. தத்ரூபமாக வர வேண்டும் என்பவர்கள் அந்த இடத்தில் கறுப்புப் பொத்தான் தைக்கிறார்கள். தத்ரூபம் அவ்வளவு வேண்டாம் என்பது என் கட்சி.

இனி துணி. இலையுதிர்கால நிறங்களுக்குப் பெயர் வைக்க அமெரிக்கத் துணிக் கம்பெனிகள் படும் பாடு கொஞ்சமல்ல. பூசணி, துரு, கறுவாப்பட்டை என்று கிடைத்ததையெல்லாம் வைத்துப் பார்க்கிறார்கள். புடவைக் கடையில் வளர்ந்த நமக்கு அந்தச் சிரமமே இல்லை. சர்க்கரை மேப்பிள் அரக்கு. பர்ச் மாம்பழ மஞ்சள். வாடிய ஓக் காப்பிப்பொடி. குளிர்காலம் முழுவதும் உதிர்க்க மனசில்லாமல் பீச் மரம் பிடித்து வைத்திருக்கும் வெளிறிய இலை, சந்தேகமே இல்லாமல் வெங்காயத்தோல். கடையில் இதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. ஆனால் கண் மட்டும் சரியான சுருளில் போய் நிற்கும்.

குவில்ட்டுக்கான பருத்தித் துணி 42 முதல் 44 அங்குல அகலத்தில் வரும். நல்ல சரக்கு ஒரு கெஜம் 12, 13 டாலர். அப்படி வாங்கினால் ரசீதில் தெரிந்துவிடும். அதனால் ஃபேட் குவார்ட்டர் வாங்குங்கள். 18-க்கு 22 அங்குலம், அழகாக மடித்து நாடா கட்டி வைத்திருப்பார்கள். “கால் கெஜம்தாங்க” என்று உண்மையையே சொல்லலாம். எத்தனை கால் கெஜம் என்று கேட்கும் கணக்குப்புலி வீட்டில் இருந்தால், இரண்டை மேஜைமேலும் மீதியைக் காரிலும் வையுங்கள். 1943-இல் ஒஹையோவில் தொடங்கிய ஜோஆன் துணிக்கடைகள் 2025-இல் நாடு முழுவதும் மூடப்பட்டபோது, “இனிமே எங்க கிடைக்கும்?” என்ற ஒரே வாக்கியத்தில் பல வீடுகளின் அலமாரி நிரம்பியது. அந்த வாக்கியம் இன்னும் செல்லுபடியாகிறது.

பெட்டியில் சும்மா கிடக்கும் பருத்திப் புடவைகளையும் மறக்க வேண்டாம். காரைக்குடிக் கண்டாங்கியின் கடுகு மஞ்சளும் அரக்கும், வெர்மான்ட் மலைச்சரிவில் அக்டோபரில் பார்க்கிற அதே இரண்டு நிறங்கள். மதுரைச் சுங்குடியும் நன்றாக வரும். அந்தப் புள்ளிகளைப் பூச்சி அரித்த இடம் என்று வைத்துக்கொள்ளலாம். வெட்டும் முன் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிடுங்கள். அரக்கு சாயம் விட்டால், பின்னணிக்கு வைத்த சந்தனநிறத் துணி மொத்தமும் ரோஜா நிறமாகி, இலையுதிர்காலம் ஒரே அலசலில் பெண் குழந்தைக்குப் போடும் போர்வையாகிவிடும். சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும் தாள் என்று ஒன்று விற்கிறார்கள். வாஷிங் மெஷினில் ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள். புடவையை வெட்டிய செய்தி ஊருக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

மேப்பிள் இலைக் கட்டம் அமெரிக்கக் குவில்ட்டில் பழைய சரக்கு. மூன்றுக்கு மூன்று, ஒன்பது சதுரம். மூன்று சதுரம் முழு இலை நிறம். நான்கு சதுரம் மூலைவிட்டமாகப் பாதி இலை, பாதி பின்னணி. ஒன்று வெறும் பின்னணி. மீதி ஒன்றில் குறுக்கே ஒரு காம்பு. கனடாக்காரர்கள் 1965-இல் கொடியில் ஏற்றிய இலைக்கு 11 முனை உண்டு. நம்முடையதற்கு அத்தனை கிடையாது. எண்ணிப் பார்க்கிற விருந்தாளி வந்தால் “இது நாட்டு மேப்பிள்” என்று சொல்லிவிடலாம்.

12 அங்குலக் கட்டம் வேண்டுமானால் சின்னச் சதுரங்களை நாலரை அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். மூன்று நாலு பன்னிரண்டுதானே என்று வாதாடாதீர்கள். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். குவில்ட் உலகில் கட்சி உண்டு, குழு உண்டு, கைத்தையல்காரர்களுக்கும் மெஷின்காரர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஊர்களும் இருக்கலாம். ஆனால் இந்தக் கால் அங்குலத்தில் எல்லோரும் ஒரே மதம். ஒவ்வொரு தையலும் ஒரு நூலிழை அகலம் தவறினால் போதும், முடிவில் ஒரு வரிசை மற்றதைவிட விரலளவு குட்டையாக நிற்கும். இழுத்துப் பிடித்துத் தையுங்கள். இழுத்தும் வரவில்லையென்றால் குவில்ட்டுக்குக் ‘காற்றில் பறக்கும் இலைகள்’ என்று பெயர் வைத்துவிடுங்கள். பாதிப்பாதிச் சதுரங்களுக்குச் சரியான அளவு 4 அங்குலமும் எட்டில் ஏழும். ரூலரில் அந்த எட்டில் ஏழைத் தேடிக் கண் பூப்பதைவிட, 5 அங்குலமாக வெட்டித் தைத்துவிட்டு நாலரைக்குச் செதுக்குவது புத்திசாலித்தனம். இந்த வழிகாட்டியில் நம்பிப் பின்பற்றக்கூடிய அறிவுரைகளில் இதுவும் ஒன்று.

ஒரு கட்டத்துக்கு 15 துண்டு. ஐந்துக்கு ஆறு என்று 30 கட்டம் வைத்தால் 60-க்கு 72 அங்குலம். சோபாவில் ஒருவர் கால் நீட்டிப் போர்த்திக்கொள்ளலாம். 450 துண்டுகளைக் கத்தரியால் வெட்டினால் கட்டைவிரல் மரத்துப்போகும். அதற்காகவே ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி 1979-இல் கொண்டுவந்த உருளும் வட்டக்கத்தி இருக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு அதன் மூடியை மூடுங்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை, விரல் போய்விடும்.

வட்டக்கத்திக்கு வெட்டுப்பலகை வேண்டும். பலகைக்கு மேஜை வேண்டும். வீட்டில் அந்த அளவுக்கு இருக்கும் மேஜை ஒன்றே ஒன்றுதான், அதில்தான் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். இலையுதிர்காலக் குவில்ட்டின் உண்மையான கஷ்டம் இங்கே ஆரம்பிக்கிறது. ஊசி, நூல் எல்லாம் அப்புறம்.

மேஜையைப் பிடிக்க நல்ல நேரம் நவராத்திரி நெருங்கும் வாரம். கொலு வைப்பதற்காக வீட்டில் எல்லாமே இடம் மாறிக் கிடக்கும். ஒரு வெட்டுப்பலகை கூடுதலாகக் கிடந்தால் யார் கண்ணிலும் படாது. தைத்த வரை உள்ள துணியைக் கொலுப்படியில் விரித்துவிடுங்கள். தசாவதார செட்டும் மரப்பாச்சியும் ஏறி நின்றால், பிசிறு தொங்கும் ஓரமும் ஒட்டாத மூலையும் மறைந்துவிடும். சுண்டலுக்கு வந்தவர்கள் “எவ்வளவு அழகா பண்ணியிருக்கீங்க!” என்பார்கள். இந்தக் குவில்ட்டுக்குக் கிடைக்கப்போகும் உருப்படியான பாராட்டு அதுவாகவே இருக்கக்கூடும், நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கொலு இறங்கிய பிறகு மேஜையைத் திருப்பித் தராமல் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும். சாம்பார் வைக்கிற நாள் வேறு, வெட்டுகிற நாள் வேறு என்று வைத்துக்கொள்வது அடிப்படை விதி. விதி மீறப்படும். சந்தனநிறப் பின்னணியில் ஒரு சொட்டு மஞ்சள் கறை விழும். பதற வேண்டாம். பின்பக்கம் ஒட்டுப்பசை ஒட்டிய துணியில் ஒரு பர்ச் இலையை வெட்டி, கறைமேல் வைத்து இஸ்திரி போட்டு, ஓரத்தைச் சுற்றித் தைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் குவில்ட்டில் இலைகள் இப்படித்தான் விழ வேண்டும். கணக்குப்படி வைத்த இலைகளைவிட ரசமும் குழம்பும் இடம் காட்டிய இலைகள் இயல்பாக இருக்கும். பில்டர் காபிக்கு ஓக்.

நூல்பிசிறைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹீட்டர் ஓட ஆரம்பித்ததும் வீட்டுக் காற்று வறண்டு, கம்பளித் துணியெல்லாம் எதையாவது இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் ஸ்வெட்டரின் முதுகில் ஒரு ஆரஞ்சு முக்கோணத்தோடு ஆபீஸ் போய், மூன்று மீட்டிங் முடித்துவிட்டு அதே முக்கோணத்தோடு வீடு திரும்புவார். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 450-இல் ஒன்று குறைகிறதே என்று மத்தியானமெல்லாம் தேடியது அதுதான்.

அக்டோபர் 31 ஹாலோவீன். 30-ஆம் தேதி இரவு, சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் பையன் வாயைத் திறப்பான்: “அம்மா, நாளைக்கு எனக்கு ட்ரெஸ் வேணும். எல்லாரும் போட்டுட்டு வருவாங்க.” மெஷினில் பழுப்பு நூல் கோத்திருக்கும், பாபினும் பழுப்பு. அதை மாற்றி வௌவால் வேஷத்துக்குக் கறுப்பு கோப்பதற்கு அவசியமே இல்லை. கோணலாகப் போய் ஒதுக்கி வைத்த இலைக் கட்டங்களை ஒரு பழைய டீஷர்ட்டில் நாலு தையல் போட்டு நிறுத்தி, “நீ மரம்” என்று சொல்லி அனுப்புங்கள். மிட்டாய்ப் பையோடு திரும்பி வரும்போது பாதி இலை தெருவில் உதிர்ந்திருக்கும். வேஷம் அதற்குள் பருவத்துக்குப் பொருந்திவிட்டது.

மேல்துணி ஒருவழியாக இணைந்துவிட்டால், மூன்று அடுக்கையும் தரையில் விரித்து ஊக்கு குத்த வேண்டும். ஒரு கை அகலத்துக்கு ஒரு ஊக்கு. இதற்கு மூட்டு ஒத்துழைக்க வேண்டும். இந்தச் சமயத்தில் வீட்டில் தெர்மோஸ்டாட் சண்டை நடந்துகொண்டிருக்கும். ஒருவர் 65 ஃபாரன்ஹீட்டில் வைப்பார், இன்னொருவர் போகிறபோக்கில் 70-க்கு ஏற்றுவார். குவில்ட் தைப்பவர் கண்ணை மூடிக்கொண்டு 65 பக்கம் நிற்க வேண்டும். வீடு குளிர்ந்தால்தான் போர்வைக்கு மரியாதை. ஆனால் மரியாதை சீக்கிரமே வந்துவிடும். ஊக்கு குத்திய குவில்ட்டை அரைமணி நேரம் சோபாவில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனால், திரும்பி வரும்போது அதற்குள் ஒரு தலை தெரியும். எழுப்ப வேண்டாம், தானாகவே எழுந்துவிடும். அதன்பிறகு ஊக்குகளை எண்ணுங்கள்.

மூன்றடுக்கையும் சேர்த்துத் தைப்பதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பஞ்சு அடுக்கின் உறையில் எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் போதும் என்று அச்சடித்திருப்பார்கள். சிலவற்றில் 10 அங்குலம் வரை விடலாம் என்றிருக்கும். அதைத் தேடி வாங்குங்கள்.

வேலை தேங்கி மனசு விட்டுப்போனால் ஒருநாள் வெர்மான்ட்டின் பென்னிங்டனுக்குப் போய்வாருங்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஜேன் ஸ்டிக்கிள் என்ற பெண்மணி உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது தைத்த குவில்ட் இருக்கிறது. துணி நொய்ந்துவிட்டதால் வருஷம் முழுவதும் வெளிச்சத்தில் வைப்பதில்லை, இலையுதிர்காலத்தில் சில வாரம்தான் பார்வைக்கு. உள்ளங்கை அளவில் 169 கட்டங்கள். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. சுற்றிலும் முக்கோணங்கள், அவற்றிலும் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஒரு மூலையில் தன் பெயரையும் 1863 என்ற ஆண்டையும், இது போர்க்காலத்தில் செய்தது என்பதையும், மொத்தம் 5,602 துண்டுகள் என்ற கணக்கையும் பதிந்து வைத்திருக்கிறார். நம் 450-ஐ வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பது சங்கடம். அவர் வீட்டில் யாரும் முதல்நாள் ராத்திரி ஹாலோவீன் டிரெஸ் கேட்டிருக்க மாட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். 1996-இல் பிரெண்டா பாப்பதாக்கிஸ் இதன் கட்டங்களையெல்லாம் வரைந்து புத்தகமாகப் போட்டதிலிருந்து, பல நாடுகளில் இதை நகலெடுத்துத் தைக்கும் கூட்டம் உண்டாகிவிட்டது. அந்தப் புத்தகத்தை மட்டும் அருங்காட்சியகக் கடையில் கையில் எடுக்காதீர்கள். போகும் வழியெல்லாம் இலை பார்க்க வந்த கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். தன் வீட்டு இலையை வாராமல் ஊரார் இலையைப் பார்க்க இத்தனை மணி நேரம் கார் ஓட்டுகிறோமே என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார். கேட்காத மாதிரி இருங்கள்.

அவ்வளவு தூரம் முடியாதென்றால் லோவெல் பக்கத்திலேயே இருக்கிறது. 1987-இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து குவில்ட் அருங்காட்சியகம் அங்கேதான். ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளால் நிறைந்த ஊர். தெற்கே அடிமைகள் பறித்த பஞ்சு இங்கே வந்து சேர, சுற்றுவட்டப் பண்ணை வீட்டுப் பெண்கள் நாளெல்லாம் தறிமுன் நின்று துணியாக்கினார்கள். ஆலைத்துணி மலிந்த பிறகுதான் சாதாரண வீடுகளில் துண்டு துண்டாக வெட்டித் தைக்கும் அளவுக்குத் துணி மிஞ்சியது. அதைப் படித்துவிட்டு வந்தால் கெஜம் 13 டாலரா என்று புலம்ப வாய் வராது. மறுநாள் வரும்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதன்பிறகு பாஸ்டன் பக்கம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். டியூப்லைட் வெளிச்சத்தில் அரக்கும் காப்பிப்பொடியும் ஒன்றுதான். துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் இலை எது, பின்னணி எது என்று தெரிந்தால் தைக்கலாம். தெரியவில்லையென்றால் போர்வையிலும் தெரியாது. நிஜமான குவில்ட்காரர்கள் செய்கிற காரியம் இது.

வெளியே ஓக் இலைகளும் இறங்க ஆரம்பித்திருக்கும் அந்த வாரத்தில்தான் வீட்டில் நேரடிப் பேச்சுவார்த்தை நடக்கும்.

“ஏம்மா, வெளியில பதினஞ்சு பை இலை கிடக்கு. நீ உள்ள எத்தனை இலை தைச்சிருக்கே?”

“பதினொண்ணுங்க.”

“இப்போ சொல்லு, எது சீக்கிரம் முடியும்?”

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி மாட்டிக்கொள்ளக்கூடாது. வாயில் நாலு குண்டூசியை வைத்துக்கொள்ளுங்கள். வாயில் குண்டூசி இருப்பவரிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. தையற்காரர்கள் பரம்பரையாகக் கையாளும் உத்தி அது; டெலிவரி தேதி கேட்கும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நவம்பர் நாலாவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். மேஜையைக் கொடுத்தே ஆக வேண்டும். விருந்துக்குப் பத்துப் பேர் வருவார்கள், சைவத்துக்கு ஒரு பிரியாணி, அசைவத்துக்கு வான்கோழி என்று ஏற்பாடாகியிருக்கும். குவில்ட், மெஷின், பலகை, பெட்டி எல்லாம் மாடி அறைக் கட்டிலுக்கு ஏறும். ஏறிய சாமான் அந்த வருஷம் இறங்காது. ஊர்க்குப்பை வண்டி காகிதப் பைகளை எடுக்கும் கடைசி நாளும் அதை ஒட்டித்தான் வரும். பாதி ஓக் இலை அதற்குப் பிறகுதான் விழும் என்பது ஓக் மரத்துக்கும் தெரியும், வண்டிக்காரருக்கும் தெரியும்.

ஆக, முடிக்கிறவர்கள் உண்டா? உண்டு. ஆனால் ஜனவரியில் வெளியே முழங்கால் உயரம் பனி கிடக்கும்போதோ, ஏப்ரலில் செர்ரி பூக்கும்போதோ முடிப்பார்கள். இலைக் குவில்ட்டை ஏப்ரலில் விரிப்பது, பொங்கல் கரும்பை ஆடியில் வாசலில் கட்டுவதற்குச் சமம். உள்ளே எடுத்து வைத்து, அடுத்த அக்டோபரில் “போன வருஷமே தைச்சது” என்று அலட்சியமாகக் காட்டுங்கள். மூலையில் வருஷம் எழுதிய சின்னப் பெயர்த்துணி தைப்பது குவில்ட்காரர் வழக்கம். வருஷத்தை மட்டும் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படிக் காட்டும்போது, “எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்களேன், வீட்ல சும்மாதானே இருக்கீங்க” என்று கேட்கும் தோழி ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. கோபப்பட வேண்டாம், துணி விலையும் சொல்ல வேண்டாம். ஓரம் அடிக்காத குவில்ட் ஒன்று எப்போதும் கைவசம் வைத்திருங்கள். டீ கொடுத்து உட்காரவைத்து, ஊசியையும் நூலையும் கையில் கொடுத்து, ஓரப்பட்டையைப் பின்பக்கம் மடித்துத் தையல் வெளியே தெரியாமல் கையால் தைக்கச் சொல்லுங்கள். சுற்றளவு 264 அங்குலம்தான். முதல் மூலை திரும்புவதற்குள் அவருக்கு வீட்டில் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்துவிடும்.